நடக்க முடியாதவர்கள் நேரில் வரவும்

எங்கள் மாதர் சேவைக் கழகம் தர்மம் செய்வதென்றால் முதல் போன் எனக்குத்தான் வரும். நான் போட்டோக்காரன். வாங்குகிறவர் வராவிட்டாலும் சமாளித்துக்கொள்வார்கள், நான் வந்தாக வேண்டும். பதினோரு வருஷமாகக் கொடுக்கிற கையையும் வாங்குகிற கையையும் படம் பிடித்துப் பிழைக்கிறேன். வாங்கிய முகங்களில் ஒன்றுகூட ஞாபகமில்லை, பித்தான் அக்காவைத் தவிர.

சட்டைக் கம்பெனியில் வேலை அவளுக்கு. மிஷின் தைத்து ஆடுகிற பித்தான்களைக் கையால் இறுக்குவாள். நூலைக் கடித்துக் கடித்து முன்பல்லில் சின்னதாகப் பள்ளமே விழுந்திருக்கும். எதிரே யார் வந்தாலும் முகத்துக்கு முன் சட்டையைத்தான் பார்ப்பாள். "நில்லுங்க, மூணாவது ஆடுது" என்று நடுரோட்டிலேயே ஊசியை எடுத்துவிடுவாள். என் சட்டையிலும் அவள் கைவேலை இரண்டு இருக்கிறது. வாய் கொஞ்சம் நீளம், பிடிவாதம் அதைவிட நீளம்.

வீட்டில் அவளும் அவளுடைய அக்காவும் மட்டும்தான். இரண்டு வருஷத்துக்கு முன் பஸ் மோதியதில் அக்காவுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. ஆனால் கணீரென்ற குரல். எலும்பு டாக்டர் ஒருவர் அவளுக்குத் தன் கிளினிக்கில் போன் எடுத்து டோக்கன் போடுகிற வேலை தருவதாகச் சொன்னார். "பதினஞ்சாம் தேதி வரைக்கும் இடத்தை வச்சிருக்கேன். நீங்களா வந்துபோக ஒரு வழி பண்ணிக்கங்க" என்றாராம். சுவரைப் பார்த்தே படுத்திருந்தவள் அன்றைக்குத் தானாகச் சீப்பைக் கேட்டாளாம். இதைச் சொன்னபோது மட்டும் பித்தான் அக்கா என் சட்டையைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்தாள்.

கழகம் பத்துப் பேருக்குச் சக்கர நாற்காலி கொடுக்கப்போவதாக நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அவள் மனுக் கொடுக்கப் போன நேரம், பேனருக்குப் படம் எடுக்க நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன்.

"சம்பந்தப்பட்டவங்க நேர்ல வரணும்மா," என்றார் செயலாளர்.

"அவளால நடக்க முடியாதும்மா. அதுக்குத்தானே நாற்காலியே கேக்கறோம்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. ஆள் வரலன்னா மனு செல்லாது."

"அப்ப நடந்து வர்றவங்களுக்குத்தான் குடுப்பீங்களா?"

செயலாளர் யோசித்தார். அந்த அறையில் அது அபூர்வம். "நீ வந்திருக்கேல்ல? உன் பேர்லயே எழுதிடறேன் விடு."

எழுதியும் விட்டார். 'இரு கால்களும் செயலிழந்தவர்' என்ற கட்டத்துக்குக் கீழே பித்தான் அக்கா நின்றுகொண்டே கையெழுத்துப் போட்டாள்.

விழா மூன்று தடவை தள்ளிப்போனது. முதலில் சிறப்பு விருந்தினர் வெளியூர் போய்விட்டார். அப்புறம் உறுப்பினர்கள் எந்த நிறத்தில் உடுத்துவது என்று தகராறு. அதற்கும் அப்புறம், பேனரில் துணைத்தலைவியின் முகம் தலைவியம்மாவின் முகத்தைவிட இரண்டு அங்குலம் பெரிதாகிவிட்டது. கடைசியில் ஒருவழியாகப் பதினாலாம் தேதி வைத்தார்கள்.

கம்பெனியில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு விறுவிறுவென்று வந்த பித்தான் அக்கா, இரண்டிரண்டு படியாக மேடை ஏறினாள். தலைவியம்மாவுக்கு உயிரே போய்விட்டது.

"ஏம்மா, நீ ஏன் நடக்கறே? வாசலுக்குப் போ முதல்ல!"

நல்ல வேளை, சிறப்பு விருந்தினர் இன்னும் வரவில்லை. இரண்டு உறுப்பினர்கள் அவளை வாசல் வரைக்கும் நடத்திக்கொண்டு போய், அவர் வந்து உட்கார்ந்ததும் அங்கிருந்து தூக்கிக்கொண்டு வந்தார்கள். எல்லாவற்றையும் எடுத்தேன். எடுப்பதுதானே தொழில்.

மேடையில் இருந்தது ஒரே ஒரு சக்கர நாற்காலி. இடது கைப்பிடியில் நீளமாக ஒரு கீறல். மூன்று வருஷமாக இதே நாற்காலியைத்தான் படம் எடுக்கிறேன், எனக்குத் தெரியாதா? ஒவ்வொருவராக உட்கார்ந்து சிரித்துவிட்டு இறங்க வேண்டும். "உங்களுது பின்னாடி வரும்" என்பார்கள். நாற்காலி துணி போர்த்திக்கொண்டு அடுத்த விழா வரைக்கும் ஹாலிலேயே தூங்கும். இத்தனையும் தெரிந்துதான் நான் வருஷா வருஷம் "கொஞ்சம் சிரிங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

முதல் ஆள் பித்தான் அக்கா. "இவங்க இனிமே யாரையும் நம்பி இருக்க வேண்டியதில்ல," என்றார் சிறப்பு விருந்தினர். கைதட்டல் அடங்குவதற்குள் செயலாளர் குனிந்து, "இறங்கும்மா, அடுத்தவங்க உக்காரணும்," என்றார்.

"என்னோடது எங்கம்மா?"

"பின்னாடி வரும்."

விடிந்தால் பதினைந்து. பித்தான் அக்கா அந்தக் கீறலைத் தடவினாள். பிறகு ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"எப்படிம்மா இறங்குவேன்? எனக்குத்தான் ரெண்டு காலும் வராதே. நீங்கதானே எழுதுனீங்க?"

சிறப்பு விருந்தினர் உருகிப்போய் எழுந்தார். பாவம், அந்த மேடையில் விவரம் தெரியாதவர் அவர் ஒருவர்தான். "நானே தள்ளிவிடறேன் தாயி," என்று சரிவுப் பலகை வழியாக இறக்கி, வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டார்.

தலைவியம்மா என்னிடம் ஓடி வந்தார். "அவ நடந்து வந்ததை எடுத்தீங்கல்ல? அவர்கிட்ட காட்டுங்க. நம்மளை ஏமாத்திட்டான்னு சொல்லிடலாம்."

"எடுத்தேம்மா. நீங்க அவளைத் திருப்பி வாசலுக்கு அனுப்பறதும் அதுலயே விழுந்திருக்கு. ரெண்டையும் காட்டவா?"

அதோடு எனக்குக் கழகத்திலிருந்து போன் வருவது நின்றுபோனது. மீதி ஒன்பது பேரிடம் லாரி வந்துகொண்டிருக்கிறது என்று சொன்னார்கள். இன்னும் வந்துகொண்டேதான் இருக்கிறது.

பித்தான் அக்கா மூன்று தெருவும் கால் தரையில் படாமல் உருட்டிக்கொண்டே போய், வீட்டு வாசலில்தான் எழுந்து நின்றாள். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவளுடைய அக்கா கிளினிக்கில் போனை எடுத்தாள்.

போன மாதம் அங்கே ஒரு போன் வந்ததாம். தலைவியம்மா. முழங்கால் வீங்கிவிட்டது, மாடிப்படி இறங்க முடியவில்லை, ஒரு டோக்கன் வேண்டும் என்றாராம்.

"சம்பந்தப்பட்டவங்க நேர்ல வரணும்மா," என்றாளாம் அக்கா.

"நடக்கவே முடியலன்னுதானேம்மா போன் பண்றேன்!"

அப்புறம் அக்காவே மூன்றாம் நம்பர் டோக்கன் போட்டுக் கொடுத்துவிட்டு, வாசலுக்கு நாற்காலி அனுப்பட்டுமா என்றும் கேட்டாளாம்.