சாப்பிட்டுவிட்டுப் பேருந்தில் ஏறுகிறவர்கள்

இந்த ஊரில் மனிதர்கள் சாப்பிட்டுவிட்டுப் பேருந்தில் ஏறுகிறார்கள். ஏறிய பிறகும் சாப்பிடுகிறார்கள். என்னோடு வேலை செய்யும் மரைக்க என்ற டச்சுப் பெண் தினமும் காலையில் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, ஒரு கையில் வேர்க்கடலை வெண்ணெய் தடவிய ரொட்டி, மறு கையில் புத்தகம் என்று, வெளியே ஒருதரம்கூட எட்டிப் பார்க்காமல் ஆய்வகம் வரை வருகிறாள். நெதர்லாந்துக்கு வந்த புதிதில் அவளை நான் வித்தை காட்டுகிறவரைப் பார்ப்பதுபோல வாய் பிளந்து பார்த்திருக்கிறேன். நான் இன்றைக்கும் வெறும் வயிற்றோடுதான் ஏறுகிறேன். பையில் ஓர் எலுமிச்சம்பழம், அதற்கடியில் மடித்து வைத்த ஒரு கேரி பேக். பேருந்து போவதோ ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி ஒரு சாலையில். இரண்டு பக்கமும் வாய்க்கால், மாடுகள், பாதிக்கு மேல் வானம். இங்கே ஒரு மேடு பார்க்க வேண்டுமென்றால் பாலத்தில்தான் ஏற வேண்டும்.

மலைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கொல்லிமலையிலிருந்து காரவள்ளிக்கு இறங்கும் சாலையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை இருக்கும், ஏதோ பெருமையான விஷயம்போல. மலைமேல் அரியூர் நாட்டில் எங்கள் ஊரில் ஒருவர் 'நாளைக்குக் கீழே போகிறேன்' என்றால், அவர் காலையில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார் என்று அர்த்தம். ஜன்னலோர இருக்கைக்காக ஒருவருக்கொருவர் முகம் கொடுக்காமல் போன பங்காளிகள் எங்கள் ஊரில் உண்டு.

எல்லாருக்கும் அந்தச் சாலை தொல்லை என்றால் என் அம்மாவுக்கு அது ஜென்மப் பகை. மேலே செம்மேட்டில் பேருந்து கிளம்பும்போதே கடைசி இருக்கையில் சுருண்டு படுத்து, தலையோடு துண்டைப் போர்த்திக்கொள்வாள். முதல் சில வளைவுகளிலேயே வாந்தி ஆரம்பித்துவிடும். காரவள்ளியில் இறங்கும்போது நடக்கக்கூடத் தெம்பு இருக்காது. அதனால் அம்மா கீழே வருவதையே விட்டுவிட்டாள். நான் நாமக்கல்லில் விடுதியில் தங்கிப் பள்ளி இறுதி படித்தபோதும் கோயம்புத்தூரில் பட்டம் வாங்கியபோதும் அப்பாதான் வந்தார். படங்களிலெல்லாம் நானும் அப்பாவும் மட்டும் நிற்போம். அதைப் பார்த்துவிட்டு விடுதித் தோழி ஒருத்தி, 'உனக்கு அம்மா இல்லையா?' என்று மெதுவாகக் கேட்டாள். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் அவள்மேல் இல்லை, அந்தச் சாலைமேல்.

ஊரிலிருந்து பிள்ளைகள் போனில் என்னிடம் கேட்பது ஒன்றுதான். 'அக்கா, என்ன படிச்சா உங்கள மாதிரி போகலாங்க?' இதற்கு நேர்மையான பதில் சொன்னால் சிரிப்பார்கள். எங்கள் பக்கம் படிப்பென்றால் டாக்டர், இன்ஜினியர், நர்ஸ், வாத்தியார். அறிவியல் என்றால் ராக்கெட். மதிப்பெண் போதாதவர்களுக்குக் கணிதம். நான் அந்த மூன்றாம் வழியில் வந்தவள். கோயம்புத்தூரில் முதுகலைக் கணிதம் படிக்கும்போது, பாலங்களின் அதிர்வைப் பற்றி எதையோ தேடப்போய், மனிதர்களுக்கு வண்டியில் ஏன் வாந்தி வருகிறது என்று சமன்பாடு போட்டு எழுதிய ஒரு கட்டுரை கண்ணில் பட்டது. அன்றைக்கு எனக்கு வேறெதுவும் ஓடவில்லை. வாந்திக்குக் கணக்கு உண்டு. அதைப் போடுவதற்குச் சம்பளம் உண்டு. எங்கள் மலையில் இந்த வேலைக்கு எத்தனை பேர் தகுதியானவர்கள்!

விஷயம் சிக்கலானதில்லை. வண்டி அடுத்த நொடி எப்படித் திரும்பும் என்று மூளை ஓர் ஊகம் வைத்துக்கொள்கிறது. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு வேறொன்றைச் சொன்னால் ஊகமும் நடப்பும் முட்டிக்கொள்கின்றன. அந்த முட்டலைத்தான் வயிறு வெளியே தள்ளுகிறது. ஸ்டீயரிங்கைப் பிடித்தவருக்கு வளைவு வருவது முன்பே தெரியும் என்பதால் அவருக்கு ஒன்றும் ஆவதில்லை. இனிவரும் கார்களை யாரும் ஓட்டப்போவதில்லை, எல்லாரும் பயணிகள்தான் என்பதால் இந்தக் கணக்குக்கு இங்கே மவுசு கூடியிருக்கிறது.

இங்கே சம்பளத்தோடு முனைவர் ஆய்வு செய்யும் வேலைக்கான நேர்காணலில் பேராசிரியர், 'ஏன் இந்தத் துறை?' என்று கேட்டார். 'எங்கள் ஊரில் எல்லாரும் வாந்தி எடுப்பார்கள்' என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. குடிதண்ணீரைச் சோதித்துப் பார்த்தீர்களா என்று அக்கறையோடு விசாரித்தார். நான் சாலையின் படத்தைக் காட்டியதும் பக்கத்து அறையிலிருந்த இரண்டு பேரைக் கூப்பிட்டுக் காட்டினார். வேலை கிடைத்ததற்கு என் கணக்குப் பாதி காரணம், அந்தப் படம் மீதி. இந்தச் செய்தி ஊருக்குப் போனதும் அப்பாவுக்கு டீக்கடையில் புதுப் பெயர் வந்தது: வாந்தி டாக்டரோட அப்பா. 'மாத்திரை எப்பங்க வரும்?' என்று அவரை இன்னமும் கேட்கிறார்களாம்.

இந்த நாட்டில் முனைவர் பட்டத்துக்கு வாய்மொழித் தேர்வு ஒரு சடங்குபோல நடக்கும். தேர்வாளர்கள் கறுப்பு அங்கியோடு வரிசையாக உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள். தேர்வுக்கு நிற்கிறவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேர் துணைக்கு நிற்க வேண்டும். பாரானிம்ஃப் என்று பெயர். நண்பர்களோ வீட்டு ஆட்களோ யாராகவும் இருக்கலாம், எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை, நின்றால் போதும். மரைக்க ஒரு பக்கம் நிற்கிறேன் என்றாள். இன்னொரு பக்கத்துக்கு என் மனதில் வேறு ஆளே வரவில்லை. ஒரே ஒரு படத்திலாவது அம்மா என் பக்கத்தில் நிற்க வேண்டும்.

அம்மாவுக்குப் பாஸ்போர்ட் ஏற்கெனவே இருந்தது. அதை எடுக்க அப்பா ஜீப்பில் கீழே கூட்டிப்போய் வந்ததில் அம்மா சுருண்டு படுத்தவள், இனி இந்த உசுரு இருக்கும்வரை இறங்க மாட்டேன் என்று சொல்லியிருந்தாள். விசாவுக்குக் கைரேகை கொடுக்கச் சென்னை போக வேண்டும். அவளைக் கூட்டிப்போக நானே டிசம்பரில் ஊருக்குப் போனேன். இத்தனை வருடம் நான் கற்றதற்கு இதுதான் தேர்வு என்று எனக்குள் ஒரு மிதப்பு. 'படுக்கக் கூடாது. கண்ணை மூடக் கூடாது. டிரைவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து ரோட்டையே பார். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் நான் எந்தப் பக்கம் என்று சொல்வேன்' என்று பாடம் எடுத்தேன்.

பேருந்தின் முன்னிருக்கையில் உட்கார அம்மாவுக்குக் கூச்சம். டிரைவர்தான், 'ஏனுங்கம்மா, நம்ம புள்ள படிச்ச புள்ள, சொல்றதக் கேளுங்க' என்று உட்காரவைத்தார். நான் பின்னாலிருந்து 'வலது', 'இடது' என்று சொல்லிக்கொண்டே வந்தேன். சில வளைவுகள் வரை எல்லாம் என் சமன்பாட்டின்படியே நடந்தது. ஆய்வகத்தில் நாங்கள் பயணிகளை, பூஜ்யம் என்றால் ஒன்றுமில்லை, பத்து என்றால் வாந்தி என்று எண் சொல்லச் சொல்வோம். அந்தப் பழக்கத்தில், 'இப்ப எத்தனம்மா?' என்றேன்.

'நெம்பரெல்லாங் கேக்காத சாமி. வாயத் தொறந்தா வந்துரும்.'

வந்துவிட்டது. அதற்குப் பிறகு காரவள்ளி வரை நிற்கவில்லை. படுத்தாவது வந்திருக்கலாம், என்னால் அதுவும் போயிற்று.

கீழே பேருந்து நிறுத்தத்தில் அம்மா தரையில் உட்கார்ந்து முகம் கழுவினாள். எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

'நீ ஏங்கண்ணு அழுவற? வாந்தி எடுத்தது நானு.'

'வேண்டாம்மா. திரும்பிப் போயிரலாம். நீ வரலைன்னா ஒண்ணுமில்ல.'

அம்மா அண்ணாந்து சாலையைப் பார்த்தாள். 'மறுக்கா இப்பவே ஏறோணுமா?' பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். 'எறங்குனது எறங்கியாச்சு. மறுக்கா ஏறுற வரைக்கும் எங்க வேணாலுங் கூட்டிட்டுப் போ.'

அப்படித்தான் நடந்தது. சென்னை போய்க் கைரேகை கொடுத்துவிட்டுத் திரும்பியதும், விசா வரும்வரை மலையேற மாட்டேன் என்றாள். ஏறினால் இன்னொருமுறை இறங்க வேண்டுமே. காரவள்ளியில் சரசக்கா வீடு இருக்கிறது. அப்பா சந்தைக்குக் கொண்டுவரும் மிளகு மூட்டைகளை இறக்கிவைக்கும் வீடு, சொந்த நிலத்தில் வெங்காயமும் கடலையும் போடுகிற குடும்பம். அங்கே அம்மா தங்கிக்கொண்டாள். விடுப்பு முடிந்து நான் இங்கே வந்துவிட்டேன். மேலே மிளகு பறிக்கிற காலம், அப்பாவால் நகர முடியவில்லை. வாரச்சந்தைக்கு வரும்போது மட்டும் கொஞ்சம் சாமை அரிசியும் மரவள்ளிக் கிழங்கும் கொண்டுவந்து பார்த்துவிட்டுப் போவார்.

சரசக்கா வீட்டில் அம்மாவுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும் போனில் குரல் இறங்கியிருந்தது. காற்று சூடாக அடிக்கிறது என்பாள், தண்ணீர் உப்பாக இருக்கிறது என்பாள், இவர்கள் பேசுவது சிலது புரியவில்லை என்பாள். ஒரு மாலையில் களத்து மேட்டிலிருந்து பேசினாள்.

'இங்கிருந்து பாத்தா நம்ம மலை ஒரே நீலமா இருக்குது கண்ணு. ஊடு எந்தப் பக்கம்னே தெரியல.' அம்மா தன் மலையை வெளியிலிருந்து நின்று நிதானமாகப் பார்ப்பது அதுதான் முதல்முறை. பிறகு கேட்டாள்: 'நீயும் அங்க இப்பிடித்தான் இருக்கறயா?'

அதுவரைக்கும் அம்மா என்னிடம் கேட்டதெல்லாம் சாப்பிட்டாயா, குளிருதா என்பதுதான். நான் ஆய்வகத்து வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன். ஆமாம்மா என்றேன்.

விசா வந்தது. சேலத்திலிருந்து இங்கே படிக்க வந்த ஒரு பெண்ணின் துணையோடு அம்மாவும் வந்து சேர்ந்தாள். விமானத்தில் ஒன்றுமே ஆகவில்லையாம், கொடுத்த தட்டை வழித்துச் சாப்பிட்டாளாம். 'அதுல வளைவே இல்லையே' என்றாள், என்னவோ அந்தத் துறையில் அவள்தான் ஆராய்ச்சி செய்ததுபோல.

தேர்வன்று அம்மா மாம்பழ மஞ்சள் பட்டுச் சேலைக்குமேல் என் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு என் வலப்பக்கம் நின்றாள். இடப்பக்கம் மரைக்க. கடைசியாகக் கேட்ட தேர்வாளர் ஒரு வயதான மனிதர். வளைவை முன்கூட்டிச் சொன்னால் பயணிக்கு நல்லது என்கிறீர்கள், உங்கள் கணக்கு பொய்த்துப்போன பயணி யாராவது உண்டா என்று கேட்டார். 'உண்டு. இதோ என் பக்கத்திலேயே நிற்கிறார்' என்றேன். ஆய்வகச் சோதனையில் உட்கார்ந்தவள் அவள்தான் என்று நினைத்து எல்லாரும் மரைக்கவைப் பார்த்தார்கள். அவள் காது வரை சிவந்துபோனாள். நான் திருத்தவில்லை, திருத்தியிருந்தால் அழுதிருப்பேன். படம் எடுத்தார்கள். இப்போது என்னிடம் அப்படி ஒரு படம் இருக்கிறது. அதில் அம்மா கேமராவைப் பார்க்காமல், என் உடையின் தோள்பட்டை சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

மறுநாள் அம்மாவைக் கடல் பார்க்கக் கூட்டிப்போனேன். கிளம்புமுன் அம்மா தட்டு நிறையச் சோறு போட்டுச் சாப்பிட்டாள். 'நீ சாப்புடலையா?' என்றாள். பேருந்தில் போக வேண்டுமே என்றேன். அம்மா என்னை ஒருமாதிரி பார்த்தாள். அவளே போய், என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முன்னிருக்கையில் உட்கார்ந்தாள், சொல்லிக்கொடுத்தபடி சாலையையே பார்த்தாள். வாய்க்கால்கள் போயின, மாடுகள் போயின, சாலை அப்படியே நீண்டுகொண்டிருந்தது. கொஞ்சநேரத்தில் அம்மாவின் முகம் லேசாக வெளுத்தது. எதிரே இருந்த கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

'ஏங்கண்ணு, ரோடு எப்பத் திரும்பும்?'

'திரும்பாதும்மா. கடல் வரைக்கும் இப்படியேதான்.'

அம்மா தலையாட்டினாள். ஆனால் பிடியை விடவில்லை. அப்போதுதான் கவனித்தேன். அந்தக் கம்பியில், அவள் கைக்குப் பக்கத்தில், என் கையும் இருந்தது.