ஓணானுக்காகக் குளிக்காத ஆய்வாளர்கள்

ஆய்வுக்குழுவின் பட்டியலில் ஆறாவது பெயர் இப்படி இருந்தது: "செ. மாகிரட், வயது 52, சமையல் உதவியாளர். அமைதியானவர். ஆய்வுப் பணியில் தலையிடமாட்டார்."

இதில் வயது மட்டும் சரி. சமையலைப் பற்றிச் சாப்பிட்டவர்களுக்குச் சந்தேகம் இருந்தது.

திருகோணமலையின் கப்பல்துறைக் கிராமத்துக்குப் பின்னால், குன்றின் அடியில், கோடையிலும் வற்றாத ஓர் ஊற்று. அதைச் சுற்றிச் சிறியதோர் ஈரக்காடு. அங்கே கல்லுடைக்க ஒரு கம்பனி அனுமதி கேட்டிருந்தது. மழைக்காட்டில் மட்டுமே வாழ்வதாகப் புத்தகங்கள் சொல்லும் ஓர் ஓணானை அங்கே கண்டதாக யாரோ சொல்லப்போக, ஐந்து ஆய்வாளர்கள் பத்து நாள் தவணையோடு வந்து கூடாரம் போட்டார்கள். ஓணான் அகப்பட்டால் காடு தப்பும். இல்லாவிட்டால் காடும் போகும், அதே குன்றடியில் குடியிருந்த மாகிரட் வீட்டுக் கிணற்று ஊற்றும் போகும்.

ஆறு நாள் காட்டை அலசியும் ஒன்றும் அகப்படவில்லை. மழை குறைந்த இந்த உலர் வலயத்தில் அந்த ஓணான் வாழாது என்று குழுத்தலைவர் நிருபன் அறிக்கையின் முதல் பந்தியையே எழுதிவிட்டார். பிறகு வழக்கம்போல எல்லோரும் சவர்க்காரத்தோடு ஊற்றடிக்குப் புறப்பட்டார்கள். திருகோணமலை வெயிலில் நாளுக்கு இருமுறை குளிக்காமல் அறிவியல் நடக்காது.

மாகிரட் வாளியைப் பறித்துக்கொண்டார்.

"தம்பி, இனி ஒருத்தரும் அங்க குளிக்க ஏலாது."

"ஏன் அன்ரி, தண்ணி முடிஞ்சுதா?" என்றார் நிருபன்.

"ஓணான் ஈரத்தைத் தேடும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். இந்த ஆனி வெயிலுக்க ஈரம் இருக்கிறது ஊத்தடியில மட்டும். அங்க அஞ்சு ஆம்பிளையள் நுரையோட நிண்டு கூத்தடிச்சா, அது என்ன, துவாயோட வரிசையில நிக்குமோ?"

"நாங்கள் காடு முழுக்கத் தேடிப்போட்டம், அன்ரி."

"ஓம், அது இல்லாத இடமெல்லாம் வடிவாத் தேடிப்போட்டியள்."

குளித்தால் சோறில்லை என்றும் சேர்த்துச் சொன்னார். அந்தச் சோற்றுக்கு அது பெரிய மிரட்டல் அல்ல. ஆனாலும் படித்தவர்கள் பணிந்தார்கள். மூன்று நாள் கூடாரத்துக்குள் மூக்கை வைத்துக்கொண்டு இருப்பதே பெரும்பாடாகிவிட்டது.

பத்தாம் நாள் மதியம் மாகிரட் முன்னே போக, மற்றவர்கள் பின்னால் போனார்கள். பாசி பிடித்த மருதமரத்தில், இலைப்பச்சையில், முதல் ஓணான்.

"அன்ரி, அசையாதேங்கோ!" என்று கத்தினார் நிருபன்.

"நான் அசையேல்லை. நீங்கள்தான் கத்துறியள். படத்தை எடுங்கோ, தம்பி."

மாகிரட் தன் பழைய சீலையைக் கிழித்தார். ஓணான் கண்ட மரத்துக்கெல்லாம் ஒரு துண்டு கட்டினார். பாசி முடிந்து சருகு தொடங்கிய இடத்தில் துணியும் நின்றது. நிருபன் அந்தத் துணிகளை இணைத்துக் கோடு போட்டார். புத்தகத்தில் இல்லாத வாழிடம் வரைபடத்தில் வந்தது. அறிக்கையின் முதல் பந்தி கிழிபட்டது. கல்லுடைக்கும் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

மாகிரட் ஐந்து ஆய்வாளர்களை மூன்று நாள் குளிக்கவிடாமல் தடுத்து, பதினேழு ஓணான்களைக் கண்டுபிடித்தார்.