அப்பாவின் டெபுடேஷன்

அப்பா குளிக்க மாட்டேன் என்று அடம்பிடித்த மூன்றாவது நாள் நான் ஒரு ஃபைல் போட்டேன். விளையாட்டுக்காக இல்லை. மே மாத தில்லி வெயிலில், மயூர் விஹாரின் இரண்டு அறை ஃபிளாட்டில், குளிக்காத ஒரு மனிதரோடு இருந்து பாருங்கள். நீங்களும் போடுவீர்கள்.

அப்பா மத்திய அமைச்சகம் ஒன்றில் கிளார்க்காகச் சேர்ந்து அண்டர் செகரட்டரியாக ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற சில வருஷங்களில் அல்சைமர் வந்தது. என் பெயர் போயிற்று, அம்மா யார் என்பது போயிற்று, கழிப்பறை எந்தப் பக்கம் என்பதும் போயிற்று. ஃபைலில் நோட் எழுதுவது மட்டும் போகவில்லை. கடவுளுக்கு எதை விட்டுவைக்க வேண்டும் என்ற விவஸ்தையே கிடையாது.

ஆபீஸில் நோட் எழுதும் பச்சைத் தாளில், ஆங்கிலத்தில், ‘குளிப்பது தொடர்பாக’ என்று தலைப்பிட்டு, டேக் கயிறு கோத்து அவர் முன்னால் வைத்தேன். கண்ணாடி மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். ஓரத்தில் ‘ப்ளீஸ் ஸ்பீக்’ என்று எழுதித் திருப்பினார். நேரில் வந்து பேசு என்று அர்த்தம். சர்க்காரில் அதன் நிஜ அர்த்தம், இது இந்த ஜென்மத்தில் நடக்காது. தப்பு என்மேல்தான். ‘குளிக்கலாமா?’ என்று கேட்டிருந்தேன். கேள்வி கேட்டால் எந்த அதிகாரி முடிவு சொல்வார்? மறுநாள் ‘குளிக்க உத்தேசிக்கப்பட்டுள்ளது, ஒப்புதலுக்கு’ என்று மாற்றினேன். கையெழுத்துப் போட்டார், குளித்தார்.

குளியல் தீர்ந்தது. அம்மா விஷயம் தீரவில்லை. அப்பா நாள் முழுக்க அவள் பின்னாலேயே சுற்றினார். அவள் அடுப்படியில் நின்றால் அடுப்படியில், கொடியில் துணி உலர்த்தினால் பால்கனியில். “மேடம், ஆபீஸ் போற சார்ட்டர்ட் பஸ் போயிட்டா?” என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை கேட்பார். அம்மா ஒருநாள் குளியலறை வாசலில் மயங்கி விழுந்தாள். டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, இப்போது உங்கள் வீட்டில் ஒரு நோயாளி, இப்படியே போனால் சீக்கிரம் இரண்டு, என்றார். எனக்குப் பயம் வந்தது. அப்பா போய்க்கொண்டிருப்பது தெரிந்த விஷயம். அம்மாவும் போவாள் என்று நான் நினைத்ததே இல்லை.

பக்கத்து பிளாக்கில் ஒரு பேஸ்மென்டில், இதே கஷ்டத்தில் இருந்த சில குடும்பங்கள் சேர்ந்து, நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பகல்நேர மையம் ஒன்று நடத்தின. காலை பத்திலிருந்து ஒரு மணி வரை. மறதி நோய் ஆராய்ச்சிக்கென்று நன்கொடையும் திரட்டினார்கள். மார்கழிக் கச்சேரி ஒன்றின் வாசலில் நானும் உண்டியலோடு நின்றிருக்கிறேன். நம்மவர்கள் தாராளமானவர்கள். காசைத் தவிர எல்லாம் கொடுத்தார்கள். வல்லாரை கொடுங்கள் என்றார்கள், பாதாம் ஊறவையுங்கள் என்றார்கள். ஒரு மாமா, இது ஒட்டுமா என்று கேட்டுவிட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

அப்பாவை மையத்துக்குக் கிளப்ப ஆர்டர் வேண்டுமே. என் ஆபீஸ் கம்ப்யூட்டரில், கொஞ்ச நாள் வேறு ஆபீஸில் போய் வேலை பார்க்கச் சொல்லும் டெபுடேஷன் உத்தரவு ஒன்று அடித்தேன். ‘பொதுநலன் கருதி’ என்றுகூடப் போட்டேன். நகல் யார் யாருக்கு என்ற பட்டியல் இல்லையென்று திருப்பி அனுப்பினார். இல்லாத ஆறு பேருக்கு நகல் போட்டபின் தன் பழைய ஆபீஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

முதல் நாள் ஒரு மணிக்கு எனக்கு ஃபோன். மையத்தை நடத்திய பஞ்சாபி அம்மா பேசினாள். அப்பா எழுந்திருக்க மறுக்கிறாராம். ஐந்தரைக்கு முன்னால் சீட்டை விடுவது தவறாம். போகப் புறப்பட்ட மற்றவர்களையும் மிரட்டி உட்கார வைத்திருக்கிறாராம். நான் யோசித்தேன். சர்க்கார் ஆபீஸ் பட்டப்பகலில் மூட ஒரே வழிதான் உண்டு. “யாரோ பெரிய தலைவர் இறந்துவிட்டார், அரை நாள் லீவு என்று சொல்லுங்கள்,” என்றேன்.

அன்றிலிருந்து தினம் ஒரு மணிக்கு ஒரு தலைவர் காலமானார். பஞ்சாபி அம்மா சோகமான குரலில் சர்க்குலர் வாசிப்பாள். அப்பா எழுந்து நிற்பார், எல்லோரும் எழுந்து நிற்பார்கள், இரண்டு நிமிஷம் மௌனம். பிறகு பெட்டியை எடுத்துக்கொண்டு சந்தோஷமாக வீட்டுக்கு வருவார். நேற்றும் ஒருவர் செத்தாரே என்று கேட்க அங்கே யாருக்கும் ஞாபகம் இல்லை.

இத்தனை தலைவர்களைக் கொன்று வாங்கிய அந்த மூன்று மணி நேரத்தில் அம்மா தூங்கினாளா? இல்லை. மெத்தை உறையைத் துவைத்தாள், தோசைக்கு அரைத்தாள். ஆர்.கே.புரத்தில் இருக்கும் சித்தி வீட்டுக்கு நாலு நாள் போய்ப் படுத்துக்கொள், நான் லீவு போடுகிறேன் என்று கெஞ்சினேன்.

“ஒங்க அப்பாவ விட்டுட்டு நான் எங்கட்டி போவேன்? நல்லாச் சொல்லுத,” என்றாள். கண்ணுக்குக் கீழே கருத்துப்போயிருந்தது. எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. வாய்க்கு வந்ததைக் கத்திவிட்டேன்.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவை எடுத்து, மடியிலிருந்த பச்சைத் தாளில் நெடுநேரம் எழுதி என்னிடம் நீட்டினார். கோணல் மாணலான ஆங்கிலம்.

‘இங்கே சமையல் பொறுப்பிலுள்ள அம்மாள் நெடுங்காலமாக ஒருநாள்கூட விடுப்பு எடுத்ததாகத் தெரியவில்லை. மிகவும் களைத்திருக்கிறார். மாற்று ஏற்பாடு செய்து உடனே விடுப்பு அளிக்கலாம். ஒப்புதலுக்கு.’

அம்மாவுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். அவள் தாளை வாங்கிப் பார்த்தாள். ஆங்கிலம் தெரியாது, ஆனாலும் பார்த்தாள்.

“கல்யாணம் ஆன நாள்லேருந்து ஒங்க அப்பாட்ட கேட்டுருக்கேன். அம்மா வீட்டுக்கு ஒரு வாரம் போயிட்டு வாரேன்னு. பாக்கலாம், பாக்கலாம்னே சொல்லுவாவ,” என்றாள். குரலில் கோபம் இல்லை. “நான் யாருன்னு தெரிஞ்சிருந்தா இன்னைக்கும் எழுதியிருக்க மாட்டாவ.”

அலமாரியிலிருந்து இரண்டு சேலையை எடுத்துப் பையில் வைத்தாள். பிறகு அந்தத் தாளை என் முன்னால் வைத்து, எங்கே கையெழுத்துப் போடணுமோ போடு என்றாள்.