நாலாவது சரணம்

பஜனைக் கோஷ்டியில் பாட்டை எங்கே முடிப்பது என்பது பாடுகிறவன் கையில் இல்லை, ஆர்மோனியக்காரன் கையில் இருக்கிறது. சரணம் முடிந்ததும் நான் பல்லவியை மூன்று தரம் வாசித்துத் துருத்தியை மூடினால் கஞ்சிரா நிற்கும், ஜால்ரா நிற்கும். பாடுகிறவன் எப்பேர்ப்பட்ட கொம்பனாக இருந்தாலும் வாயை மூடத்தான் வேண்டும். இப்படி ஓர் அதிகாரம் எனக்கு இருந்தது வெகுநாள் எனக்கே தெரியாது. தெரிந்த அன்றே அதைக் கேவலமாகப் பயன்படுத்தினேன். என்னைத் தியாகி என்று கூப்பிட்டு மாலை போடுகிறவர்களுக்கு இது தெரியாது, நானும் சொன்னதில்லை.

எனக்குத் தொழில் தறி. ஊர் திருச்செங்கோட்டுப் பக்கம். நாலு வருஷம் ஒரு நாடகக் கம்பெனியில் ஆர்மோனியப் பெட்டி வாசித்தேன். கம்பெனி நொடித்துப்போனதும் திரும்பி வந்து மறுபடி தறிக்குழியில் கால் வைத்தேன். உப்புக்காகத் தேசமே கிளம்பிய சமயம் அது. நாமக்கல்லில் ஒரு வக்கீல் பஜனைக் கோஷ்டி ஒன்று சேர்த்தார். சந்தையிலும் கள்ளுக்கடை வாசலிலும் நின்று பாடுவதுதான் வேலை. ஆர்மோனியத்தைத் துண்டால் கழுத்தில் கட்டிக்கொண்டு நடந்துகொண்டே வாசிக்க ஆள் தேடினார். தறிக்குழியைவிட அது சுகமாக இருந்தது. தேசபக்தி அப்புறம்தான் வந்தது, அதை மறைப்பானேன்.

எங்களுக்குப் பாட்டுக் கட்டிக் கொடுத்து முன்னால் நின்று பாடியவன், பரமத்தி ரோட்டில் ஒரு வறண்ட ஊரின் வளவைச் சேர்ந்தவன். ஊருக்குள் இடம் கொடுக்காமல் தோல் தைக்கிறவர்களை வெளியே ஒதுக்கி வைத்திருந்த குடிசைக் கூட்டத்துக்கு அங்கே வளவு என்று பெயர். மாடு கட்டிக் கிணற்றில் தண்ணீர் இறைக்கிற பெரிய தோல்பறியைத் தைப்பதும், கிழிந்தால் ஒட்டுப்போடுவதும் அவன் வேலை. என்னைவிடப் பத்து வயது மூத்தவன். நான் அவனை நீ என்பேன், அவன் என்னைச் சாமி என்பான். சுயராஜ்யம் கேட்டு ஊர் ஊராக நடந்த இரண்டு வருஷமும் இது மாறவில்லை. இப்போது ‘அவர்’ என்று திருத்தி எழுதினால் அன்றைக்கே மரியாதை கொடுத்ததுபோல் ஆகிவிடும். அந்தப் பொய் வேண்டாம்.

அவன் குரல் ஐந்து கட்டைக்கு அலட்சியமாக ஏறும். அவன் கட்டிய ஒரு பாட்டு பரமத்தி வேலூர்ச் சந்தையிலிருந்து நாமக்கல் வரைக்கும் பிரசித்தம். நாலு சரணம். முதலாவது உப்பு வரி, இரண்டாவது சீமைத் துணி, மூன்றாவது கள்ளு. நாலாவது இது:

நாந்தெச்ச தோல்பறி நாளெல்லாம் முங்குது
அது மொண்ட தண்ணியில பொங்கலும் பொங்குது
நாங்கொண்ட மண்கொடம் நனைஞ்சாக்க என்னாகும்
நல்லதண்ணி ஒரேநாள்ல நஞ்சாவா போயிரும்?

சந்தையில் இதற்குத்தான் கைதட்டல் அதிகம். வெற்றிலைக்காரர்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கேட்பார்கள். வக்கீல் கண்ணைத் துடைத்துக்கொள்வார். சந்தையில் கைதட்டுவதற்கு என்ன செலவு? அங்கே கிணறு இல்லையே.

அவன் ஊரில் உப்புக் கரிக்காத கிணறு ஒன்றுதான். பெரிய தோட்டக்காரருடையது, வளவில் அவரைப் பண்ணாடி என்பார்கள். அவன் தைத்த தோல்பறி தினமும் அந்தக் கிணற்றில்தான் முங்கி எழுந்தது. ஊரே அதில்தான் குடிக்கத் தண்ணீர் எடுத்தது. வளவுப் பெண்கள் மட்டும் தள்ளி நின்று குடத்தைத் தரையில் வைத்துவிட்டு, யாராவது மனமிரங்கி ஊற்றும்வரை காத்திருக்க வேண்டும். சில நாள் உச்சிவெயில் வரைக்கும் காத்திருப்பார்கள். அவன் பெண்சாதி ஏழு மாத வயிற்றோடு அப்படி நின்றவள். அந்தப் பிள்ளை தங்கவில்லை.

ஒரு நாள் வக்கீலே வாயைத் திறந்து சொன்னார். “உன் ஊருக்கே போவோம். கிணத்து மேட்டிலயே நின்னு நாலு சரணத்தையும் பாடுவோம். நாலாவது பாடும்போது உன் சம்சாரம் தன் கையால குடத்தை உள்ள விடட்டும். நான் பக்கத்துல நிக்கிறேன்.”

“நெசமாலுமுங்களா சாமி?” என்றான். இரண்டு தரம் கேட்டான். பிறகு என்னைப் பார்த்து, “நீங்க சுதிய மட்டும் உடாமப் புடிச்சுக்கங்க சாமி, மத்தத நாம் பாத்துக்கறேன்” என்று சிரித்தான். அவன் பல்லைக் காட்டிச் சிரித்து அன்றுதான் பார்த்தேன். நானும் பெரிய மனுஷனாட்டம் தலையை ஆட்டினேன்.

அந்த நாளும் வந்தது. ஊர் எல்லையில் எங்களை எதிர்கொண்டவர் யார் தெரியுமா? அந்தப் பண்ணாடிதான். உடம்பெல்லாம் புதுக் கதர். வக்கீலுக்கு மாலை, எங்கள் எல்லோருக்கும் மோர். அவனுக்கு மட்டும் கொட்டாங்குச்சியில். ஜில்லா போர்டுத் தேர்தலில் நம் பக்கம் நிற்பதாக அன்று காலையில்தான் அவர் வாக்குக் கொடுத்தாராம். வக்கீல் என் தோளைப் பிடித்து ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

“மூணோட முடிச்சிருங்க” என்றார்.

“அவங்கிட்டச் சொல்லீட்டீங்களா?”

“சொன்னா ஒத்துக்குவானா? நீங்க முடிச்சா முடிஞ்சுது. இவரே நம்ம பக்கம் வந்துட்டாரு, கிணறு எங்க போயிரும்? காலம் வரும்.”

முடியாது என்று சொல்லியிருக்கலாம். பெட்டியைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு நடையைக் கட்டியிருக்கலாம். மோர் குடித்த வாயைத் துடைத்துக்கொண்டு சரிங்க என்றேன்.

கிணற்று மேட்டில் ஊரே கூடியிருந்தது. வளவுச் சனம் வேலி ஓரமாக நின்றது. அவன் பெண்சாதி மஞ்சள் பூசிய புது மண்குடத்தை இடுப்பில் வைத்திருந்தாள். குடத்தின் கழுத்தில் புதுக் கயிறு, அவனே திரித்தது. அன்றைக்கு அவன் பாடியதுபோல் எந்தச் சந்தையிலும் பாடியதில்லை. மூன்றாவது சரணம் முடிகிற இடத்தில் அவள் வேலியை விட்டு நாலு எட்டு முன்னால் வந்தாள். அவன் கண்ணை மூடி மூச்சை இழுத்தான்.

நான் பல்லவியை மூன்று தரம் வாசித்துத் துருத்தியை மூடினேன்.

கஞ்சிரா நின்றது. அவன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். நான் மறந்துவிட்டேன் என்று நினைத்திருக்க வேண்டும்; ‘இன்னொண்ணு இருக்குங்க சாமி’ என்பதுபோல் நாலு விரலைக் காட்டினான். பிறகு சுருதி இல்லாமலே ‘நாந்தெச்ச’ என்று எடுத்தான். நான் உடனே கொடி வணக்கப் பாட்டை எடுத்து, துருத்தியைக் கிழிகிற மாதிரி அமுக்கினேன். கோஷ்டியில் மற்ற ஆறு பேரும் சேர்ந்து கொண்டார்கள். நாடகக் கம்பெனிப் பெட்டி, ஆயிரம் பேருக்குக் கேட்கும். ஒற்றை ஆள் குரல் என்ன செய்யும்?

அவள் நடுவில் நின்றுவிட்டாள். “அங்கயே நில்லுடி” என்று கூட்டத்தில் ஒருத்தன் கத்தினான். அவள் சுற்றிலும் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். பிறகு கயிற்றை அவிழ்த்துவிட்டு, தினமும் செய்கிற மாதிரியே குடத்தைத் தரையில் வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றாள். பண்ணாடி எழுந்து வந்து, ஒரு செம்புத் தண்ணீரைத் தன் கையாலேயே, உயரத் தூக்கி, அதில் ஊற்றினார். ஊரே கைதட்டியது. வக்கீல் தழுதழுத்த குரலில், “இதுதான் மனமாற்றம்!” என்றார். நானும் கைதட்டினேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

கூட்டம் கலைந்த பிறகு அவன் என்னிடம் வந்தான். சண்டை போடுவான் என்று பயந்தேன். “பொட்டி உங்களுதுங்க. பாட்டு என்னுதுங்க” என்றான். சாமி என்று சொல்லவில்லை. அவ்வளவுதான், போய்விட்டான்.

பண்ணாடி மறு மாதமே சேலத்திலிருந்து இரும்புச் சால் வாங்கிப்போட்டார். தோல்பறிக்கு வேலை இல்லாமல் போயிற்று. அவன் மேட்டூரில் அணை கட்டுகிற வேலைக்குக் குடும்பத்தோடு போய்விட்டதாகச் சொன்னார்கள். நான் தேடிப் போகவில்லை. அதே பாட்டைப் பாடியதற்காக எங்களைப் பிடித்து ஆறு மாதம் உள்ளே வைத்தார்கள். மூன்று சரணத்துக்குச் சர்க்கார் தண்டனை கொடுத்தது, நாலாவதற்கு நாங்கள் கொடுத்தோம். ஜெயிலுக்குப் போனதால் நான் தியாகி. ஊரை விட்டே போனவன் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

சுதந்திரம் வந்த அன்று அவன் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கே என்னைப் பெட்டி வாசிக்கக் கூப்பிட்டார்கள். பிள்ளைகள் பாடப்போவது அந்தப் பாட்டு. பாட்டைக் கட்டியவன் நான்தான் என்று வாத்தியார் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். கட்டியது நான் இல்லை என்றேன். தன்னடக்கம் என்று சிரித்தார். “நாலாவது சரணம் ஒண்ணு இருக்குதுங்க, இன்னிக்கு நானே பாடறேன்” என்றேன்.

“ஏனுங்க, அச்சடிச்ச பொஸ்தகத்துல மூணுதானுங்களே இருக்குது? சரி, பாடுங்க பாடுங்க” என்றார்.

கொடி ஏற்ற வந்தவர் பண்ணாடி. கிழடாகியிருந்தார், அதே கதர். முன் வரிசையில் அவருக்கு நாற்காலி. மைதானத்துக் கோடியில் வளவுப் பிள்ளைகளைத் தனியாக உட்கார வைத்திருந்தார்கள். மிட்டாய் தின்றுவிட்டுத் தாகமெடுத்தவர்களுக்கு ஓர் ஆள் மேலேயிருந்து கையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். பாட்டு ஆரம்பித்தது. முதல் சரணம், இரண்டாவது, மூன்றாவது. பண்ணாடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பல்லவியை மூன்று தரம் வாசித்துத் துருத்தியை மூடினேன்.

பழக்க தோஷம் என்று சொல்லிக்கொள்ளலாம். பொய். பயம். அன்றைக்காவது என் எதிரில் ஒருவன் மூச்சை இழுத்துக்கொண்டு நின்றான். இந்தப் பிள்ளைகளில் ஒன்றும் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. வளவுப் பிள்ளைகளும் மற்றவர்களோடு சேர்ந்து கைதட்டிக்கொண்டிருந்தார்கள், பாட்டு முடிந்துவிட்டது என்று.