இருமுறை தேடிய ஒழுங்கை

உதயகலாவின் இடது முழங்கால் மடங்க மறுத்தது. ஏ-9 வீதியில் ஒரு மோட்டார்சைக்கிள் அவளை இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போய் நான்கு மாதமாகிவிட்டது. பிளாஸ்டரை வெட்டிய பிறகு, சாவகச்சேரி ஆஸ்பத்திரியில் பிசியோ மிஸ் சொன்னாள்: "ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம் சைக்கிள் ஓடுங்கோ அக்கா. ஏத்தம் இறக்கம் வேண்டாம், பஸ் லொறி போற றோட்டும் வேண்டாம். மனசுக்குப் பிடிச்ச பாதையாப் பாருங்கோ."

கொடிகாமத்துக்குக் கிழக்கே, அவளுடைய ஊரில், அப்படியொரு பாதை இருந்தது. அவள் வீட்டுப் படலையில் தொடங்கும் ஒழுங்கை, பனை வடலிகளுக்கு நடுவே, ஒரு புளியமரத்தைத் தாண்டி, கடல்நீரேரிக் கரை வரை போகிறது. இறுகிய மணல், மேடு பள்ளம் கிடையாது. ரியூசனுக்குப் போகும் பிள்ளைகள் அந்த வழியாகத்தான் மணியடித்துக்கொண்டு போவார்கள்.

உதயகலா அதில் போகவில்லை. முற்றத்தில் கிணற்றைச் சுற்றிச் சுற்றி மிதித்தாள்.

அயல்வீட்டுத் தம்பிஐயா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "என்ன பிள்ளை, செக்குமாடு மாதிரிச் சுத்திறாய்? ஒழுங்கையிலை ஓடன். புளியடி முனிக்குப் பயமோ? உன்ரை கால் முறிஞ்சதும் உவன்ரை வேலைதான். ஒரு தேங்காய் உடைச்சு விடு."

"என்னை இடிச்ச முனிக்கு நம்பர் பிளேட் இருந்தது, ஐயா."

அவள் முனிக்குப் பயப்படுகிறவள் அல்ல. அந்த மண்ணில் ஆளைக் கொல்லக் கிடந்தது தொழிற்சாலையில் செய்த பொருள். விலைபேசி வாங்கி, கப்பலில் ஏற்றி, சம்பளம் வாங்கும் மனிதர்களின் கையால் புதைத்தது. போரில் கணவனை இழந்த உதயகலா, மிதிவெடி அகற்றும் நிறுவனம் ஒன்றில் சேர்ந்து, பன்னிரண்டு வருடம் முழங்காலில் நின்று அந்த மண்ணைச் சுரண்டினாள். புதைத்தவர் எவரும் எந்தத் தாளிலும் கையெழுத்து வைக்கவில்லை. நிலம் சுத்தம் என்று சொல்லும் தாள்களில் மட்டும் கையெழுத்து இருக்கிறது. அது உதயகலாவுடையது.

இந்த ஒழுங்கையையும் ஆறு வருடத்துக்கு முன் அவள்தான் துப்புரவாக்கினாள். புளியடியில் வேலை நடந்த அன்று பெருமழை. தேடி முடித்த நிலத்தின் எல்லை காட்டும் தடிகள் சரிந்துவிட்டன. மழை விட்டதும் திரும்ப நட்டாள். ஒரு முழம் தள்ளி நட்டுவிட்டேனோ என்று அப்போதே தோன்றியது. எல்லாருக்கும் அவசரம். கையெழுத்து வைத்தாள்.

வேலை இருந்தவரை அந்த முழம் அவளைத் தொந்தரவு செய்யவில்லை. கால் கட்டோடு கட்டிலில் கிடந்தபோது அது வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. பிள்ளைகளின் மணிச்சத்தம் படலையைக் கடந்ததும் எண்ணத் தொடங்குவாள். முப்பதில் அவர்கள் புளியடிக்கு வருவார்கள். நாற்பது வரை எண்ணிய பிறகுதான் மூச்சை விடுவாள். பிள்ளைகள் வராத ஞாயிற்றுக்கிழமையிலும் எண்ணினாள்.

ஒரு திங்கட்கிழமை ஊன்றுகோலோடு பஸ் ஏறி, நிறுவன மேற்பார்வையாளர் கோபிசங்கரின் முன்னால் போய் நின்றாள்.

எல்லாவற்றையும் கேட்ட கோபிசங்கர் எழுந்து கதவைச் சாத்தினான். "அக்கா, பேப்பர் எல்லாம் முடிஞ்சு ஆறு வருசம். இப்ப ஏன் கிண்டிறியள்?"

"என்ரை கையெழுத்து, தம்பி."

"அதுதான் சொல்லுறன். கால் சுகமானால் உங்களைத் திருப்பி வேலைக்கு எடுக்கிறதெண்டு கதைச்சு வைச்சிருக்கிறன். இதை எழுத்திலை தந்தால் ஒருத்தரும் எடுக்கமாட்டினம்."

"பேனை தாரும்."

மூன்று நாள் ஒழுங்கை மூடப்பட்டது. "பிள்ளையள் ரெண்டு கட்டை தூரம் சுத்திப் போகுதுகள், எல்லாம் உவளாலை" என்று படலைக்கு வெளியே அவள் காதுபடவே பேசினார்கள். புளியடியை அங்குலம் அங்குலமாகத் தேடினார்கள். தடிகளைச் சரியாகத்தான் நட்டிருந்தாள். அங்கே ஒன்றுமில்லை.

அதைத் தாண்டிப் பதினொரு மீற்றரில் ஒரு மிதிவெடி கிடைத்தது. உள்ளங்கையளவு, பச்சை நிறம், ஒரு வடலி வேரின் கீழே. அதற்கு மேலே மண்ணில் பழைய குழி ஒன்றின் தடயம் இருந்தது. ஆறு வருடத்துக்கு முந்திய வேலைப் பதிவேட்டைப் புரட்டினார்கள்: உலோகம் காட்டும் கருவி சத்தமிட, உதயகலா தோண்டி, ஒரு போத்தல் மூடியை எடுத்து, சத்தத்துக்குக் காரணம் அதுதான் என்று முடிவுகட்டியிருக்கிறாள். மூடியை எடுத்த பிறகு குழிக்குள் மறுபடி கருவியைப் பிடித்துப் பார்க்கவில்லை. முதல் வாரப் பயிற்சியில் சொல்லித்தரும் பாடம் அது.

அவளுக்கு அந்தக் குழி ஞாபகமே இல்லை. மழையும் தடியும் ஞாபகம் இருந்தன. போத்தல் மூடி, அந்த இடம், அந்த நாள், எதுவுமே இல்லை.

மத்தியானம் அதை அந்த இடத்திலேயே வெடிக்க வைத்தார்கள். மூன்று நாளாக அவளை ஏசிய ஊர், பின்னேரம் முனிக்குத் தேங்காய் உடைத்தது. நிறுவனத்திலிருந்து இரண்டு வரிக் கடிதம் வந்தது. அவளுடைய சேவை இனித் தேவையில்லையாம். அதில் மூன்று பேர் கையெழுத்து வைத்திருந்தார்கள்.

அடுத்த வாரம் உதயகலா ஒழுங்கையில் சைக்கிளை இறக்கினாள். உப்புக்காற்று முகத்தில் அடித்தது. முழங்கால் நோவோடு மடங்கியது. நாலாம் நாள் நோவு குறைந்தது. தண்ணீரில் கொக்குகள் நிற்பதைப் பார்த்தபடி மிதிக்க முடிந்தது. இந்த வழி இவ்வளவு நல்லாயிருக்கும் என்று, அதை முழங்காலில் கடந்தபோது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

கரையில் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஐந்தாம் நாள், ரியூசன் பிள்ளைகள் அவளை முந்திக்கொண்டு இடது கிளையில் திரும்பினார்கள்.

"வாங்கோ அன்ரி, அங்காலை இன்னும் நல்லாயிருக்கு!"

இடது கிளையும் அவள் துப்புரவாக்கியதுதான். அதே வருடம். அதில் அவளுக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. போத்தல் மூடிக் குழியிலும் இருக்கவில்லை.

"நில்லுங்கோ!" என்று கத்தினாள். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே போனார்கள். ஒரு காலை ஊன்றி நின்று நாற்பது வரை எண்ணினாள். நூறு வரை எண்ணினாள். பிறகு சைக்கிளைத் திருப்பி, தன் வீட்டுப் படலையைக் கடந்து, பஸ்ஸும் லொறியும் ஓடும் ஏ-9 வீதியில் ஏறி, கோபிசங்கரின் அலுவலகத்தை நோக்கி மிதித்தாள்.