முப்பத்திரண்டு பக்கமும் ஒரு மொக்கை ஜோக்கும்

என் அக்கா சொல்லும் ஜோக்குக்கு யாரும் சிரித்ததில்லை. பெற்ற அம்மாவே சிரித்ததில்லை. மாமா மட்டும் கல்யாணத்துக்கு முன்பு இரண்டு தடவை சிரித்ததாகக் கேள்வி. அதற்கும் சாட்சி கிடையாது. வீட்டில் அவளுக்கு மொக்கை என்றே பெயர்.

வெளியே அவள் பெரிய ஆள். குற்றம் சாட்டப்பட்டவர்களிடம் பேசி, மனநிலையைச் சோதித்து, நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுதும் உளவியலாளர். அந்த எழுத்து இருக்கிறதே, தலையைச் சுற்றி மூக்கைத் தொடும். வீட்டிலும் அதே பேச்சுதான். மாமா சோபாவில் தூங்கினால், "உறக்கநிலை காணப்படுகிறது" என்பாள்.

ஒரு கிடங்குக் காவலாளி, மேலாளரை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டதாக வழக்கு. தெரியாமல் பூட்டிவிட்டேன் என்று ஒரு தடவை சொன்னவர், பிறகு போலீஸிடமும் நீதிமன்றத்திலும் வாயே திறக்கவில்லை. விசாரணையில் நடப்பது இவருக்குப் புரியுமா என்று நீதிபதி அக்காவைக் கேட்டார். கேள்வி ஒன்றுதான். அக்கா முப்பத்திரண்டு பக்கம் எழுதினாள். புரிவது சந்தேகம் என்பது முடிவு. அதை நீதிபதி ஏற்றுக்கொண்டால் காவலாளி வீட்டுக்குப் போக முடியாது, மனநல மருத்துவமனைக்குத்தான்.

அக்காவைக் குறுக்கு விசாரணை செய்த நாளில் துணைக்கு நானும் போனேன். பின் பெஞ்சில் என் பக்கத்தில் காவலாளியின் மனைவி. "தம்பி, எங்க வீட்டுக்காரரு வந்துடுவாருல்ல?" என்றார். அந்த அறிக்கையை எழுதியவளின் தம்பி நான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

காவலாளியின் வக்கீல் எழுந்தார். "இருபத்தேழாம் பக்கம். 'உணர்ச்சி மழுங்கல் தெளிவாகக் காணப்படுகிறது.' நீங்க என்னத்தைப் பாத்தீங்க மேடம்?"

"நகைச்சுவைத் தூண்டலுக்கு எதிர்வினை இல்லை."

"புரியலையே."

"ஜோக் சொன்னேன். சிரிக்கல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தக் கணக்கில் எங்கள் குடும்பம் மொத்தத்தையும் வேன் வைத்து அள்ளிக்கொண்டு போக வேண்டும்.

"என்ன ஜோக்?" என்றார் வக்கீல்.

அக்கா தொண்டையைச் செருமினாள். "ஒருத்தர் மறதிக்கு மருந்து வாங்கப் போனாரு. 'நேத்துதானே வாங்கினீங்க'ன்னாரு கடைக்காரரு. 'சாப்பிட மறந்துட்டேன்'னாரு."

மின்விசிறி சுற்றியது. தட்டச்சு செய்பவர் கையை எடுத்துவிட்டார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுங்க ஐயா."

"உணர்ச்சி மழுங்கல் இந்த அறை முழுக்கக் காணப்படுதுங்க ஐயா," என்றார் வக்கீல்.

அப்போது கூண்டிலிருந்து ஒரு சத்தம். காவலாளி கம்பியைப் பிடித்துக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர்!

"அன்னிக்கு ஏன் சிரிக்கல?" என்றார் நீதிபதி.

"அன்னிக்கும் வந்துச்சுங்க ஐயா. ரெண்டு பக்கமும் போலீஸ் நின்னாங்க. சிரிச்சா திமிர் புடிச்சவன்னு எழுதிடுவாங்கன்னு நாக்கைக் கடிச்சுக்கிட்டேன்."

அறையில் போலீஸ் இருந்தது அறிக்கையின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று நீதிபதி கேட்டார். அக்கா புரட்டினாள், திரும்பவும் புரட்டினாள். எதிலும் இல்லை. பிறகு கைப்பையிலிருந்து அன்றைய குறிப்பேட்டை எடுத்தாள்.

"நீதிபதி யாருன்னு கேட்டேன். 'ரெண்டு பேரையும் கேட்டுட்டு முடிவு சொல்றவரு'ன்னு சொன்னாரு. இப்படிக் கேட்ட அஞ்சு கேள்விக்கும் ரெண்டு மூணு வார்த்தையில சரியாத்தான் சொன்னாரு. இதை நான் அறிக்கையில எழுதலைங்க ஐயா. எழுதியிருக்கணும். நான் அவரைத் திரும்பப் பாக்கணும்."

எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. சபையில் அப்படிச் சொல்ல எனக்குத் தைரியம் வராது.

மூன்று நாளில் புது அறிக்கை போனது. இரண்டே பக்கம். போலீஸ் கதவுக்கு வெளியே நின்றார்கள் என்று முதல் வரி. பிறகு கேட்டது, சொன்னது, கண்ணால் கண்டது. கடைசியில்: 'இவருக்கு விசாரணை புரிகிறது.' நீதிபதி ஒரே மூச்சில் படித்து முடித்து, அன்றைக்கே ஜாமீன் கொடுத்தார். காவலாளியின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். துயர உணர்வின் புறவெளிப்பாடு இல்லை, சந்தோஷத்தில் அழுதார்.

அன்று சாப்பாட்டு மேஜையில் அக்கா புதிதாக ஒரு ஜோக் சொன்னாள். எப்போதும்போல நாங்கள் தட்டைப் பார்த்தோம்.

"சிரிக்காட்டி போங்க," என்றாள் அக்கா, தட்டில் சாதத்தைப் போட்டுக்கொண்டே. "எனக்கு ஒருத்தர் இருக்காரு."