ராஜாவின் அதட்டல்

அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடம் ஒன்றில் நான் டீச்சராகச் சேர்ந்தபோது, சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டாமல் வாசிக்கத் தெரிந்திருந்தது. ஆனால் எல்லாவற்றையும் ஒரே சத்தத்தில் கத்தினார்கள். பாடத்தில் ஆடு தொலைந்தாலும் தாய் அழுதாலும் திருவிழா வந்தாலும், விடியற்காலைப் பெரட்டில் வேலைக்கு ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற அதே தொனிதான். உணர்ச்சியோடு வாசியுங்கள் என்றால் இன்னும் உரக்கக் கத்தினார்கள். எனக்குக் கோபம் மூக்கின்மேல் வரும். அன்றும் வந்தது, பிரயோசனம் இல்லை.

பள்ளிக்கூடத்தைச் சோதிக்க வந்த வித்தியாதரிசி, பிள்ளைகள் கிளி மாதிரி ஒப்பிக்கிறார்கள் என்று தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையிடமே சொல்லிவிட்டார். சம்பளம் கொடுப்பது தோட்டம். அடுத்த முறையும் இப்படியே இருந்தால் வேறு ஆள் பார்க்கப்போவதாகத் துரை சொல்லியனுப்பினார். வேலை போனால், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கோடியில் கொடுத்திருந்த அறையும் போகும். கூட இருந்த அம்மாவை அழைத்துக்கொண்டு எங்கே போவது? எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒருநாள் இடைவேளையில் பிள்ளைகள் வாசலில் பெரட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் வேலை வாங்குகிற கணக்கப்பிள்ளை. பிந்தி வந்த கொழுந்துக்காரியாக ஒரு சிறுமி, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கெஞ்சினாள். கெஞ்சல், அதட்டல், முணுமுணுப்பு, பொய்யழுகை எல்லாம் அச்சு அசலாக இருந்தன. இவ்வளவையும் வாய்க்குள் வைத்துக்கொண்டுதான் வகுப்பில் என் உயிரை வாங்கியிருக்கிறார்கள்!

மணியடித்ததும் அவர்களிடம் ஒன்றுதான் சொன்னேன். பாடத்தில் யார் பேசினாலும், உங்களுக்குத் தெரிந்தவர்களில் அப்படிப் பேசுகிற ஒருவரை நினைத்துக்கொண்டு வாசியுங்கள். மறுநாளே பாடத்துத் தாய் உண்மையாக அழுதாள். சந்தோஷத்தில், இந்த யோசனை எங்கே கொண்டுபோய் விடும் என்று நான் எண்ணிப்பார்க்கவில்லை.

வித்தியாதரிசி மறுபடி வந்த அன்று துரையும் வந்தார். நிஜக் கணக்கப்பிள்ளை கதவோரம் நின்றார். வித்தியாதரிசி கெஞ்சல்காரச் சிறுமியை எழுப்பி, பழுக்காத மாங்காயைப் பறித்த தோட்டக்காரனை ராஜா அதட்டுகிற பாடத்தை வாசிக்கச் சொன்னார்.

அவள் தோட்டக்காரனாக நடுங்கினாள். பிறகு ராஜாவின் முறை வந்தது. புத்தகத்தை இறக்கினாள். கொஞ்ச நேரம் பேசாமல் முறைத்தாள். விரலை நீட்டி, மெல்லத் தொடங்கிக் கடைசியில் கூரை அதிரக் கேட்டாள்:

"யாரைக் கேட்டுப் பறித்தாய்?"

அது அப்படியே கணக்கப்பிள்ளை. கொழுந்துக் கூடையில் முற்றின இலையைக் கண்டால் அவர் இப்படித்தான் முறைப்பார். அவளுடைய அம்மா அவர் கையின்கீழ் வேலை செய்கிறவள். என் வேலை போகட்டும், அந்தத் தாயை அவர் என்ன பாடுபடுத்துவாரோ என்று பயந்தேன். பிள்ளைகள் குளிருக்குப் போர்த்தியிருந்த கம்பளிக்குள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள்.

கணக்கப்பிள்ளை என் பக்கம் குனிந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"டீச்சரம்மா, புள்ள நம்ம தொரைய அப்புடியே உரிச்சு வச்சிருக்கு," என்று காதோரம் சொன்னார்.

துரையோ கணக்கப்பிள்ளையைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். வித்தியாதரிசிக்கு இவர்கள் இருவரையும் பற்றி என்ன தெரியும்? நல்ல வாசிப்பு என்று சொல்லி, வேறு பிள்ளைகளையும் வாசிக்கவிட்டுக் கேட்டு, திருப்தியாகக் கிளம்பினார். போகும்போது துரை, டீச்சர் இங்கேயே இருக்கட்டும் என்று தம் உடைந்த தமிழில் சொன்னார். மூவரும் கண்ணுக்கு மறைந்ததும் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தேன். அப்பாடா என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

பிறகு அந்தச் சிறுமியைக் கூப்பிட்டு, ராஜாவுக்கு யாரை நினைத்துக்கொண்டாய், கணக்கப்பிள்ளையையா துரையையா என்று கேட்டேன். அவள் பாவாடையைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"நீங்கதாங்க டீச்சர்," என்றாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கொஞ்ச நேரம் அவளையே முறைத்தேன். விரலை நீட்டினேன்.

"யாரைக் கேட்டு..."

வகுப்பே வெடித்துச் சிரித்தது. நீட்டிய விரலை என்ன செய்வதென்று தெரியாமல், எல்லோரையும் விட உரக்க நானும் சிரித்தேன்.